யாரும் திறக்காத ரிப்போர்ட்

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருக்காரர்களுக்குத் தறிச் சத்தம் காதில் ஏறுவதே இல்லை. மெயில் சர்வர் தினமும் அனுப்பும் லாக் ரிப்போர்ட்டும் அப்படித்தான். பக்கம் பக்கமாக வந்தால் ஒரே வாரத்தில் யாரும் திறக்கமாட்டார்கள்.

சிறு நிறுவனங்களின் மெயில் சர்வர்களை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வது என் தொழில். மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் எழுதித் தள்ளுவதை லாக்வாட்ச் என்ற பெர்ல் நிரல் நாளுக்கொரு முறை தொகுத்துத் தரும். அதில் பெரும்பகுதி ஒரே கதை. முன்பின் தெரியாத எவனோ ‘அட்மின்’, ‘இன்ஃபோ’ என்று பெயரை மாற்றி மாற்றிப் போட்டுக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துத் தோற்றிருப்பான். இணையத்தில் 25ஆம் போர்ட்டைத் திறந்து வைத்த எவருக்கும் இது தப்பாது.

பலர் முதலில் கை வைப்பது லாக்வாட்சின் விவர அளவில். 10இலிருந்து 0க்கு இறக்கிவிடுவார்கள். வரிகள் குறையும், எது போனது என்றுதான் தெரியாது. நான் சர்வரிலிருந்தே தொடங்குவேன். நம் ஆட்கள் மெயில் அனுப்ப 587, 465 என்று தனி வாசல்கள் உண்டு. 25, சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் இடம். அங்கே லாகின் வசதி எதற்கு? அணைத்துவிட்டால் அந்த வழியாக ஊகிக்க வருபவனுக்கு வேலையே இல்லை. அணைக்கும் முன் அலுவலக ஸ்கேனர் ஏதாவது பழைய பழக்கத்தில் 25 வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக ஒன்று இருக்கும்.

அடுத்து போஸ்ட்ஸ்கிரீன். 2011இல் போஸ்ட்ஃபிக்ஸ் 2.8உடன் வந்தது. வரவேற்பைப் பாதி சொல்லிவிட்டு 6 விநாடி பொறுத்திருக்கும். ஒழுங்கான சர்வர் காத்திருக்கும். ஸ்பாம் நிரலுக்கு ஏது பொறுமை, முந்திக்கொண்டு பேசி மாட்டிக்கொள்ளும். ஆனால் சும்மா விட்டால் போஸ்ட்ஸ்கிரீன் இதைக் குறித்து வைப்பதோடு சரி. விரட்டச் சொல்லி நாம்தான் அமைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் லாக்வாட்சின் இக்னோர் கோப்பு. அதில் எழுதும் பேட்டர்னுக்குப் பொருந்தும் வரி ரிப்போர்ட்டில் வராது. லாகின் தோல்வி எல்லாவற்றையும் ஒரே பேட்டர்னில் மறைப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. கணக்குப் பிரிவில் இருப்பவரின் பெயரில் தோல்விகள் குவிந்தால் அதுவும் சேர்ந்து மறைந்துபோகுமே! நம்மிடம் இல்லாத பயனர் பெயர்களை மட்டுமே மறைக்கிறேன். தோற்றவனைக் காட்டிலும் உள்ளே நுழைந்தவன் முக்கியம். ஒரு கணக்கு களவுபோனால் லாகில் தோல்வியே இராது, எல்லாம் வெற்றிதான். எந்தக் கணக்கிலிருந்து எத்தனை மெயில் போனது, வரிசையில் எத்தனை தேங்கி நிற்கிறது என்ற இரண்டும் ரிப்போர்ட்டின் தலையில் இருக்க வேண்டும்.

மறைப்பதெல்லாம் ரிப்போர்ட்டோடு நிற்கட்டும். சிலர் சர்வரில் லாகை எழுதிவைக்கும் ஆர்சிஸ்லாகிலேயே வரிகளை வெட்டிவிடுகிறார்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி நிறுவனங்கள் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அத்துமீறல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அப்போது கையில் இருக்க வேண்டியது மூல லாக். வெட்டி வைத்திருந்தால் இன்றே சரிசெய்துவிடுங்கள்.