எண்ணைப் பெயரில் ஒட்டாதீர்கள்

பணி ஓய்வுக்கு முந்தைய வாரம் ஒரு சம்பளப் பட்டியல் புரோகிராம் என் பார்வைக்கு வந்தது. சம்பளம்1 முதல் சம்பளம்12 வரை பன்னிரண்டு வேரியபிள். கூட்டப் பன்னிரண்டு வரி, பிடித்தம் கழிக்க இன்னொரு பன்னிரண்டு. "ரன் ஆகுதுல்ல சார்? காப்பி பண்ணா முடிஞ்சுது" என்றார் எழுதிய தம்பி. அதைக் கேட்டு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரன் ஆகத்தான் செய்தது. ஏழாவது வரியில் மட்டும் சம்பளம்7 இருக்கவேண்டிய இடத்தில் சம்பளம்6. கம்பைலர் வாயே திறக்காது. இரண்டும் முறையான பெயர்கள். மாதாமாதம் ஒரே தொகை போட்டுச் சோதித்தால் மொத்தமும் சரியாக வரும். நிதியாண்டின் ஏழாவது மாதமான அக்டோபரில் சம்பளம் உயர்ந்தவருக்குத்தான் உதைக்கும்.

பெயருக்குள் போய்விட்ட எண்ணை வைத்துக் கணக்குப் போட முடியாது. சம்பளம்(I) என்று அர்ரேயாக எழுதினால் முடியும். காலண்டர் மாத எண்ணோடு 8 கூட்டி, 12-ஆல் வகுத்த மீதியில் 1 சேர்த்தால் நிதியாண்டு வரிசை கிடைக்கும்: ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12. ஒரே வரி.

இந்த வசதி சும்மா வரவில்லை. ஆரம்பகாலக் கணினிகளில் அடுத்த எண்ணை எடுக்க, புரோகிராம் தன் கட்டளையிலிருக்கும் முகவரியைத் தானே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1949-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியில் அதற்கென்றே தனிப் பதிவகம் (ரெஜிஸ்டர்) வைத்தார்கள். 1957-இல் வந்த ஃபோர்ட்ரானிலேயே அர்ரேக்கான டைமென்ஷனும் டூ லூப்பும் உண்டு.

எனக்குக் கோபால் (COBOL) மொழி சொல்லித்தந்த மேடம், டேபிளுக்குப் பன்னிரண்டு இடம் ஒதுக்கும் ஆக்கர்ஸ் 12 எழுதியதும் பேப்பரைப் பிடுங்கிக்கொள்வார். "பெர்ஃபார்ம் வேரியிங், அன்டில் I > 12. லூப் முடிஞ்சு வெளிய வர்றப்ப I எவ்வளவு?" பன்னிரண்டு என்றவர்களை நிற்கவைத்து, ஒவ்வொரு சுற்றையும் பென்சிலால் எழுதவைப்பார். விடை 13. அதே I-யை வைத்து அடுத்த வரியில் டேபிளில் எதையாவது மூவ் செய்தால், டேபிளை ஒட்டியிருக்கும் ஃபீல்டு அழியும். எல்லை மீறலைப் பிடிக்கும் எஸ்எஸ்ரேஞ்ச் போடாமல் கம்பைல் செய்திருந்தால் இயந்திரம் தடுக்காது, பி.எஃப். பிடித்தம் ஏன் கோணலாக வருகிறது என்று வேறெங்கோ தேடுவோம். லூப் எழுதுகிறவர் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் கையால் ஓட்டிப்பார்த்தே ஆகவேண்டும் என்பார். இன்று யார் பென்சிலை எடுக்கிறார்கள்?

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. வரிக்கணக்கை வைத்து உழைப்பை அளக்கும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். காப்பி அடித்து நூறு வரி தந்தவருக்குப் பாராட்டு, லூப் போட்டு நான்கே வரியில் முடித்தவரிடம், "நாள் முழுக்க இவ்வளவுதானா?" என்ற கேள்வி.