அம்மாயியின் பால் போசி

கோபிசெட்டிபாளையத்துக்குத் தெற்கே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருந்தது என் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் வீடு. எண்பதுகளின் கடைசியில், முழுப் பரீட்சை லீவு விட்டதும் என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கோழி கூப்பிடும் முன்பே கட்டுத்தாரையில் வாளிச் சத்தம் கேட்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் போய் நிற்பதற்குள் அம்மாயி சாணியை அள்ளி, தரையைக் கூட்டி, தூசி அடங்கத் தண்ணீர் தெளித்து முடித்திருப்பாள். இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகள், ஓர் எருமை. அந்த வீட்டின் மளிகைக் கடனும் மாமாவின் காலேஜ் ஃபீஸும் அந்தப் பாலில்தான் அடைந்தன.

அம்மாயி பால் கறப்பதில் ஒரு வரிசை உண்டு. அதை ஒருநாளும் மாற்ற மாட்டாள். முதலில் கன்றை அவிழ்த்து விடுவாள். நாலு வாய் ஊட்டி, மாடு பாலை இறக்கியதும் கன்றைப் பிடித்து முளைக்குச்சியில் கட்டிவிடுவாள். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைப்பாள். பிறகு தன் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சு போசிக்குள் போகாது. வழவழவென்று தேய்த்து வைத்திருந்த ஒரு கொட்டாங்குச்சியில் விழும். அதை லாந்தர் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். கறுப்பேறிய ஓட்டின்மேல் திரித்திரியாக ஏதாவது தெரிந்தால் மடிநோய் தொடங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்த மாட்டின் பால் தனிப் பாத்திரத்தில் இறங்கும், ஊர்ப் பால் கூட்டுறவு சொசைட்டிக்குப் போகாது. டாக்டர் வந்து ஊசி போட்டால், அவர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலை ஊற்ற மாட்டாள்.

கறந்து முடித்ததும் மாட்டுக்கு முன்னால் ஒரு கட்டு பச்சைச் சோளத்தட்டைப் போடுவாள். "உடனே படுக்க உட்றக் கூடாது கண்ணு, கொஞ்ச நேரம் நின்னு திங்கட்டும்" என்பாள். கறந்தபின் அரை மணி நேரம் போலக் காம்பின் துவாரம் மூடாமல் இருக்கும், அந்த நேரத்தில் மாடு சாணியில் படுத்தால் கிருமி நேராக மடிக்குள் ஏறிவிடும் என்பதைப் பிற்காலத்தில் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். அம்மாயிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. மடிவீங்கிய மாட்டை வைத்துக்கொண்டு பட்ட பாடு அவளுக்குத் தெரியும்.

போசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எவர்சில்வர் போசி, மேலே இறுக்கமான மூடி. சொசைட்டியிலிருந்து வந்த கையோடு அதைப் பச்சைத் தண்ணீரில் அலசுவாள். முதலில் வெந்நீர் ஊற்றினால் பால் பசை பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பச்சைத் தண்ணீர்தான். அப்புறம் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பு. விளிம்பு மடங்கும் இடத்தில் விரலை விட்டு வழுவழுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். கடைசியில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிச் சுழற்றி, வெயில் படும் திண்ணைக் கல்லில் கவிழ்த்து வைப்பாள். சாயங்காலக் கறவை வரை அந்தப் போசியை யாரும் தொடக் கூடாது. ஒருநாள் சித்தி அவசரத்துக்கு அதில் மோர் மொண்டுவிட்டாள் என்று வீட்டில் பெரிய ரகளையே நடந்தது.

சொசைட்டி, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஓட்டுக் கட்டடம். குஜராத்தின் ஆனந்தில் 1946ல் தொடங்கிய கூட்டுறவு முறை, 1965ல் தேசிய பால்வள வாரியம் அமைந்து, 1970ல் வர்கீஸ் குரியன் தலைமையில் வெண்மைப் புரட்சித் திட்டமாக நாடெங்கும் கிளம்பியது. தமிழ்நாட்டில் 1981ல் கூட்டுறவு இணையம் ஏற்பட்டு ஆவின் என்ற பெயர் வீட்டுக்கு வீடு போயிற்று. எங்கள் ஊர் பெண்களுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. ஊற்றிய பாலுக்கு அட்டையில் கணக்கு எழுதுகிறார்கள், வாரம் தவறாமல் காசு வருகிறது, அந்தக் காசு தங்கள் கைக்கே வருகிறது என்பது தெரியும். அது போதுமானதாக இருந்தது.

எனக்கு அங்கே பிடித்தது பரிசோதனை மேசை. டெஸ்டர் மாமா உயரமான குவளையில் பாலை ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்க விடுவார். "டிகிரி 28" என்று சத்தமாகச் சொல்வார். தண்ணீர் கலந்தால் டிகிரி இறங்கும். ஆனால் பாலாடையை எடுத்துவிட்டுத் தண்ணீர் கலந்தால் டிகிரி சரியாகவே நிற்கும். அதனால்தான் கொழுப்பும் பார்த்தாக வேண்டும். கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் மெதுவாக 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் மூடியை அழுத்திக் குலுக்கியதும் வெள்ளைப் பால் காப்பி நிறமாகும். குழாய் சூடேறி, துணி சுற்றித்தான் பிடிக்க முடியும். கைப்பிடி வைத்த இயந்திரத்தில் குழாய்களை அடுக்கி அவர் வேகமாகச் சுற்றி நிறுத்துவார். அடியில் கறுப்புத் திரவம் தங்க, குழாயின் மெல்லிய கழுத்தில் பொன்னிறக் கொழுப்பு தனியாக ஏறி நிற்கும். அளவுக் கோட்டை என்னையும் படிக்கச் சொல்வார். எருமைப் பால் 6, 7 என்று ஏறும்போது அம்மாயி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒரு சித்திரை மாதம். மதியத்துக்குள் ஊர் அனலாகிவிடும் நாட்கள். காலையில் கேன்களை எடுக்க வரவேண்டிய லாரி வரவில்லை. 40 லிட்டர் கேன்களின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில்தான் லாரி வந்தது. குளிரூட்டு நிலையத்தில் பாலைக் காய்ச்சிப் பார்த்தால் திரிந்துவிட்டது. பாதிக் கேன்கள் திரும்பி வந்தன. அந்த வேளைப் பாலுக்குக் காசு இல்லை என்றார்கள். சாயங்காலம் சொசைட்டி வாசலில் ஒரே கூச்சல். லாரிதான் காரணம் என்று ஒரு கட்சி, யாரோ அழுக்குக் கேனில் கொண்டுவந்து ஊற்றிவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி.

அந்த வாரமே கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். அம்மாயி முன்னால் போய் நின்று கேட்டாள்: "ஏனுங் டாக்டரு, பாலு திரிஞ்சு போனது எங்க கைத் தப்புங்களா, லாரித் தப்புங்களா?"

"ரெண்டுந்தானுங்க அம்மா. இருங்க, காட்டறேன்" என்றார் அவர்.

மறுநாள் காலை இரண்டு சோதனைக் குழாய்களில் பால் எடுத்துக்கொண்டார். ஒன்று அம்மாயி போசியிலிருந்து. மற்றது சும்மா அலசிக் கொண்டுவந்த ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து. அது யாருடையது என்று கடைசிவரை சொல்லவில்லை. இரண்டிலும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை ஒரே அளவில் விட்டார். பால் இளநீலமாயிற்று. இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆவதற்குள் பிளாஸ்டிக் கேன் பாலில் நீலம் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கி, பழையபடி வெள்ளையாகிவிட்டது. அம்மாயி பால் நீலம் மாறாமல் நின்றது. வெயில் ஏறியது, கூட்டம் கலைந்தது. நானும் அம்மாயியும் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மத்தியானச் சோற்றுக்கு எழுந்தபோதும் அந்த நீலம் போகவில்லை.

பாலில் கிருமி பெருகப் பெருக, அது பாலில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்தால் சாயம் நிறம் இழக்கும். கிருமி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் வெளுக்கும். டாக்டர் இதை ஊர்ப் பேச்சிலேயே சொன்னார். மடியிலிருந்து வரும் பால் மாட்டின் உடம்புச் சூட்டில், 38 டிகிரி செல்சியஸ் போல இருக்கும். கிருமிக்கு அது சுகமான சூடு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒரே ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் 512 ஆகிவிடும். ஒன்றிலிருந்து தொடங்கினால் 512. அழுக்குப் பாத்திரத்தில் ஆயிரத்திலிருந்து தொடங்கினால்? கறந்த பாலுக்கு முதல் ஓரிரு மணி நேரம் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி இயற்கையிலேயே உண்டு. அதற்குள் அதை 4 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டால் பெருக்கம் கிட்டத்தட்ட நின்றுபோகும். சுத்தம் கிருமியின் தொடக்கக் கணக்கைக் குறைக்கிறது. குளிர் அந்தக் கணக்கை ஏறவிடாமல் பிடித்து வைக்கிறது. இரண்டில் ஒன்று தவறினாலும் பால் கெடும். அம்மாயி கேட்ட கேள்விக்கு இதுதான் முழுப் பதில்.

நான் வேலைக்குப் போன பிறகு பல ஊர்களில் தொகுப்புப் பால் குளிர்விப்பான்கள் வந்தன. கறந்த பால் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே எவர்சில்வர் தொட்டியில் 4 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து வெப்பம் ஏறாத டேங்கர் லாரி. பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிரவைத்து, பாக்கெட்டில் அடைக்கிறார்கள். லாரிக்காகக் காத்திருந்து பால் திரிந்த காலத்தைப் பார்த்த எனக்கு இது சாதாரண முன்னேற்றமாகத் தெரியவில்லை. அந்தத் தொட்டியின் குளிரில் எத்தனையோ குடும்பங்களின் ஒருவேளை உழைப்பு காப்பாற்றப்படுகிறது.

ஆனால் குளிராலும் சூட்டாலும் தொட முடியாத ஒன்றும் உண்டு. அம்மாயி மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கை உடைத்து மோந்து பார்ப்பாள். மழைக் காலத்தில் பூஞ்சணம் பூத்திருந்தால் மூட்டையோடு உரக்குழிக்குப் போகும். "காசு போனாப் போவுது. அதைத் தின்னுட்டு மாடு கறக்கற பாலக் குடிக்கறது நம்ம கொழந்தைகதானே?" என்பாள். அவள் பயந்தது வீண் பயமில்லை. பூஞ்சணம் பிடித்த தீவனத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு மாட்டின் வழியாகப் பாலுக்கு வருகிறது. எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் கலப்படத்தால் ஆபத்தானவை 12 மட்டுமே. அஃப்ளாடாக்ஸின் வரம்பை மீறியவையோ 368. அதிகமாகக் காணப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கலப்படத்தைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேசுகிறோமா?

நகரத்தில் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விடிகாலையில் வந்த பாக்கெட்டை வெயில் ஏறும்வரை வாசல் பையில் தொங்கவிடாதீர்கள். அத்தனை ஊர்க் கைகள் காத்துக் கொண்டுவந்த குளிர் அங்கேதான் அறுந்துபோகிறது. ஃப்ரிட்ஜின் கதவில் பாலை வைக்காதீர்கள்; திறக்கும்போதெல்லாம் சூடேறும் இடம் அது. உள்தட்டில், பின்பக்கமாக வையுங்கள். காய்ச்சிய பாலைச் சீக்கிரம் ஆறவைத்து, மூடி, உள்ளே வையுங்கள். நேற்றைய மிச்சத்தில் இன்றைய பாலை ஊற்றாதீர்கள்.

அதைவிடப் பெரிய கடமை ஒன்று அரசுக்கும் பால் கொள்முதல் செய்பவர்களுக்கும் இருக்கிறது. இன்றும் பெரும்பாலான ஊர்களில் கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும்தான் விலை. மடி கழுவியதற்கும், போசியை வெயிலில் காயவைத்ததற்கும், பூஞ்சணப் புண்ணாக்கைக் கொட்டியதற்கும் விலை இல்லை. கிருமி குறைந்த பாலுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுங்கள். கட்டுத்தாரைக்குத் தண்ணீர்க் குழாய் கொடுங்கள். தீவனத்தைப் பரிசோதிக்க ஒன்றியத்துக்கு ஓர் இடமாவது கொடுங்கள். நல்ல பாலைக் கறப்பது எப்படி என்று அந்தப் பெண்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியது அதிகமில்லை. அவர்கள் எடுக்கும் சிரத்தைக்கு உரிய காசைக் கொடுத்தால் போதும்.