கேலரியில் நமக்கு எத்தனை இடம்?

புதிதாக ஸ்டேடியம் கட்டினால் சின்னக் கிளப்புகளுக்குக் கூட்டம் வருமா? எங்கள் ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். தமிழகத்தின் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் என்று அரசு அறிவித்ததிலிருந்து பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. தருமபுரி மாவட்டத்தில் ஐந்து தொகுதிகள். கட்டினால் வருவார்கள் என்று ஒரு கட்சி, யார் வருவார்கள் என்று இன்னொரு கட்சி. இரு கட்சியிலும் பேசுகிறவர்கள் ஆண்கள். ஷூவையும் பாடப்புத்தகத்தையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு என் வகுப்புக்கு வரும் பெண்களால்தான் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது.

இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் இதற்கு இரண்டு நல்ல சாட்சியங்கள் உண்டு. பிரைட்டன் கிளப்பின் நிர்வாகம் சொந்த மைதானத்தை விற்றுவிட்டது. அதன்பின் அந்த அணி 1999 முதல் 2011 வரை ஒரு தடகள மைதானத்தில் ஆடியது. அங்கே இருக்கைகளும் குறைவு, வசதிகளும் குறைவு. 2011இல் புதிய அரங்கம் திறந்தது. அணி ஒரு பிரிவு மேலேறியதும் அதே ஆண்டுதான். ஏழாயிரம் சொச்சமாக இருந்த சராசரிக் கூட்டம் இருபதாயிரத்தை எட்டியது. டார்லிங்டன் கதை நேரெதிர். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அந்த ஊரில் 2003இல் 25,000 இருக்கைகளோடு அரங்கம் எழுந்தது. வந்ததோ சில ஆயிரம் பேர். காலி இருக்கைகளின் செலவையும் கிளப் சுமந்தது. கடனில் தத்தளித்து, 2012இல் அரங்கத்தை விட்டே வெளியேறியது.

பிரைட்டனில் உட்கார இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஏராளம். டார்லிங்டனில் அப்படி யாரும் இல்லை. அரங்கம் ஆதரவாளர்களை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே காத்திருப்பவர்களுக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் நம் ஊரில் வெளியே காத்திருப்பது யார் என்பதல்லவா முதல் கேள்வி?

‘ரசிகர்’ என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் ஆண், பெண் பேதம் இல்லை. கேலரியில் இருக்கிறது. பந்தடிக்கும் பெண்களைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். சிலப்பதிகாரத்தின் கந்துகவரியை நான் வகுப்பில் நடத்துகிறேன். ஆட்டம் பார்க்க வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண் மட்டும் நான் நடத்தும் பாடங்களில் இதுவரை எதிர்ப்படவில்லை.

பெண்கள் ஆடினால் கூட்டம் வராது என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் ஆலைப் பெண்களின் அணி ஆடியது. பார்த்தவர்கள் 53,000 பேர். இடமில்லாமல் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில். ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்றது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. முதலில் மைதானத்தைப் பிடுங்கினார்கள். பிறகு, ‘உங்களுக்குக் கூட்டமே இல்லையே’ என்றார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரையின் சேது எஃப்சி 2019 மே மாதம் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தியது. ஆட்டம் நடந்த இடம் பஞ்சாபின் லூதியானா. அன்று அந்த லீக்கை ஒரே ஊரில் வைத்து நடத்தி முடித்துவிடுவார்கள். சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. இந்தியாவின் சாம்பியன் அணியை மதுரைப் பெண் ஒருத்தி தன் ஊரில் டிக்கெட் வாங்கிப் பார்க்க வழியே இருக்கவில்லை. அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். மைதானத்தின் பெயர் வேண்டாம். மூன்று மணி ஆட்டம் ஐந்தரைக்குத் தொடங்கியது. அவளுடைய அம்மா களையெடுப்பு வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்திருந்தார். கேலரி முழுக்க இளைஞர்கள். நாங்கள் இருவரும் சுற்றுச்சுவரோரம் நின்றோம். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அதனால் அந்த அம்மா மதியத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாதி ஆட்டத்தில், “கடசி பஸ்சு போயிடும் டீச்சர், அவ எப்படி ஆடுனான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க” என்று கிளம்பிவிட்டார். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, பெரிய உதவிதான். ஆனால் அவருடைய ஊருக்கு இரவில் பேருந்தே இல்லையே! இரண்டாம் பாதியில் மகள் ஒரு கோல் போட்டாள். அதை நான் மறுநாள் போனில் சொன்னேன்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 2024 மார்ச்சில் ஓர் அரங்கம் திறந்தது. தொழில்முறைப் பெண்கள் அணிக்கென்றே கட்டியது, 11,500 இருக்கைகள். அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களுக்கு எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன. அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை, சரிதான். ஆனால் யாருக்காகக் கட்டுகிறோம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளப் பணம் வேண்டாமே.

பெண் சிசுவைக் காப்பாற்ற அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்த மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. 2001இல் அந்தத் திட்டம் தருமபுரிக்கும் வந்தது. அதே மண்ணில் இன்று பெண்கள் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களில் பலருக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது. மகள் ஆடுவதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்த தாய், அந்தப் பேச்சு வரும் இரவில் அவளுக்காக வாய் திறக்கக்கூடும். அதனால்தான் அந்த அம்மாவுக்குக் கேலரியில் ஓர் இடம் கேட்கிறேன்.

அரங்கம் கட்டுங்கள். தண்ணீர் வரும் கழிப்பறையும் அதன் சாவியை வைத்திருக்க ஒரு பெண் ஊழியரும் வேண்டும். சொன்ன நேரத்தில் ஆட்டம் தொடங்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு கிராமங்களுக்குக் கிளம்ப ஒரு பேருந்து நிற்க வேண்டும். பிறகு தலைகளை எண்ணுவோம்.