திரையில் விரியும் சதுரங்கம்

விளையாட்டுகளில் உடலுக்கு உரியவை உண்டு. அறிவுக்கு உரியவை உண்டு. பொழுதைத் தின்று தீர்ப்பதற்கென்றே அமைந்தவையும் உண்டு. இன்றைய பிள்ளைகள் கணினித் திரையில் ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் மூன்றாம் வகையில் அடக்கிவிடுவது பெரியோர் வழக்கம். பிள்ளைகளோ ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேற்றுமையை நன்கு அறிவர். பெற்றோரும் அதனை அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

வாலாஜாபாத்தில் மாலை வேளையில் நம்மிடம் அரபு இலக்கணம் பயிலும் மாணவன் ஒருவன், பதினாறு வயதினன். சில மாதங்களாக வகுப்பில் கண்செருகி அமர்ந்திருந்தான். ஒருநாள் அவனுடைய அத்தா நம்மை நாடி வந்தார். "ஹஜ்ரத், இரவெல்லாம் லேப்டாப்பில் சண்டை போடுகிறான். அதை விற்றுவிடலாமா என்றுகூட நினைக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்றார். காணாத பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது கற்பிப்போர்க்கு அழகன்று. ஆதலின் அம்மாணவனையே அழைத்து, அந்த ஆட்டத்தை நமக்குக் கற்றுத்தரச் சொன்னோம். இஷாவுக்குப் பின் நாளொன்றுக்கு அரைமணி நேரமாக மூன்று வாரம் அவனுடன் அமர்ந்தோம்.

அந்த ஆட்டத்தின் பெயர் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. வெஸ்நாத் என்பது ஒரு கற்பனை நாடு. டேவிட் ஒயிட் என்பவர் 2003இல் இதனைத் தொடங்கினார். பின்னர் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் கூடி வளர்த்தனர். யாரும் விலையின்றிப் பெறலாம். விரும்பினால் அதன் நிரலைத் திறந்து திருத்தவும் செய்யலாம்.

சண்டை என்றதும் ஓட்டமும் வெடியோசையும் நினைவுக்கு வரக்கூடும். இங்கே அவ்வாறில்லை. திரையில் ஒரு நிலப்படம் விரிகிறது. அறுகோணக் கட்டங்களால் ஆன அப்படத்தில் காடு, மலை, ஆறு, சிற்றூர், கோட்டை யாவும் உள்ளன. நாம் நம் வீரர்களை நகர்த்தி முடித்த பின்னரே எதிரியின் முறை வருகிறது. பல நேரங்களில் மாணவன் ஐந்து நிமிடம் ஒன்றுமே செய்யாது திரையை நோக்கியபடி இருந்தான். அவன் சிந்தித்துக்கொண்டிருந்தான் என்பதைப் பிறகே உணர்ந்தோம்.

சிந்திப்பதற்குப் பொருள் நிறைய உண்டு. சமவெளியில் நிற்கும் மனித வீரன்மீது 100 அடி விழுந்தால் சராசரியாக 60 படும்; கோட்டைக்குள் நின்றால் 40; ஆழமற்ற ஆற்று நீரில் நின்றாலோ 80. பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. அரசப் படையினர்க்குப் பகலில் தாக்கும் வலிமை கால்பங்கு கூடும்; இரவில் அதே அளவு குறையும். எதிரிகளாகிய 'ஓர்க்' கூட்டத்தார்க்கு இது நேர்மாறு. எனவே எங்கே நிற்பது என்பதோடு, எப்போது நிற்பது என்பதும் கணக்கில் வருகிறது. காயமுற்ற வீரன் ஒரு சிற்றூரில் தங்கினால் சிறிது சிறிதாக நலம் பெறுகிறான்.

கொன்ராட் என்னும் இளவரசனின் கதையை மாணவன் நமக்குக் காட்டினான். அதன் முதற்கட்டத்தில் எதிரியை வெல்ல வேண்டிய தேவையே இல்லை. அவனைக் காக்கும் முதியவர் டெல்ஃபாடர் உயிருடன் இருக்க, இளவரசன் வடமேற்குத் திசையில் உள்ள இலக்கை அடைந்தால் போதும். தக்க நேரத்தில் பின்வாங்கக் கற்பதே அங்கு முதற்பாடம். இது நம்மைக் கவர்ந்தது.

அரபு கற்றோர்க்கு இதன் முன்னோடி அந்நியமன்று. நம் நாட்டில் தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் அமைந்த சதுரங்கம், பாரசீகம் வழியே அரபு நாடுகளை அடைந்து 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. யானைக்கு அரபியர் 'ஃபீல்' என்றே பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் அக்காய் இன்றும் 'அல்ஃபில்' எனப்படுகிறது. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதின் அப்பாசிய அரசவையில் விளங்கிய இலக்கிய அறிஞர் அபூபக்ர் அஸ்ஸூலி, சதுரங்கத்தைப் பற்றி நூலும் எழுதினார். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆம் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. அதனை நம் பகுதிப் பிள்ளைகள் ஆவலுடன் பார்த்தனர்.

ஆயினும் சதுரங்கத்தில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. பலகையில் காலாளுக்குப் பெயர் இல்லை. வெட்டுண்டால் பெட்டிக்குள் போகிறது. அடுத்த ஆட்டத்தில் மீண்டும் எழுந்து நிற்கிறது. வெஸ்நாத்திலோ ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு. போரிடப் போரிட அனுபவம் பெற்று மேல்நிலைக்கு உயர்கிறான். ஒரு கட்டத்தில் உயிர் தப்பியவனை, 20 பொற்காசு செலவிட்டு அடுத்த கட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம். இறந்தவனை அழைக்க இயலாது. 1990இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபயர் எம்ப்ளம்' என்னும் ஆட்டத்திலும் இவ்விதி உண்டு. படைத்தலைவனுக்குத் தன் வீரன் ஒரு காய் அல்லன் என்பதை உணர்த்தும் விதி இது.

அவ்விதியை மழுங்கச் செய்யும் கதவு ஒன்றும் உண்டு, அதுதான் சேமிப்பு. எந்த நிலையிலும் ஆட்டத்தைச் சேமித்துவைத்து, விரும்பியபோது அந்நிலைக்கே திரும்பலாம். நம் மாணவன் ஒரே கட்டத்துக்குப் பதினொரு சேமிப்புகள் வைத்திருந்தான். ஒரு வீரன் வீழ்ந்தால் உடனே பின்சென்று, அவன் பிழைக்கும்வரை திரும்பத் திரும்ப ஆடினான். இரவு தூக்கம் எங்கே போயிற்று என்பது நமக்கு அப்போது விளங்கிற்று. அவனை விழித்திருக்கச் செய்தது போரன்று. இழப்பை ஏற்க மனம் ஒப்பாமையே.

அப்போது அவனுக்கு நம் மாவட்டத்துப் புள்ளலூரைப் பற்றிக் கூறினோம். 1780 செப்டம்பரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர விரைந்தது. இடையில் திப்பு சுல்தான் மறித்தார். 9ஆம் நாள் இரவு பெய்லி வழியிலேயே படையை நிறுத்தினார். 10ஆம் நாள் காலை ஹைதர் அலியின் பெரும்படையும் சூழ்ந்துகொண்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி சரணடைந்தார், 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே மாண்டார். சில மைல் தொலைவில் இருந்தும் மன்றோ உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அந்த ஓர் இரவுக்குத் திரும்பிச் செல்லப் பெய்லிக்குச் சேமிப்பு எதுவும் இருக்கவில்லை. இரு தரப்பிலும் வீழ்ந்தவர்களுக்குப் பெயரும் வீடும் தாய்மாரும் இருந்தனர்.

மாணவன் வெகுநேரம் பேசவில்லை. பின்பு அவனோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஒரு கட்டத்தைத் தொடங்கினால் இடையில் பின்செல்லுதல் கூடாது. யார் வீழ்ந்தாலும் ஏற்றுக்கொண்டு மேலே ஆட வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் மூடிவைத்துவிட வேண்டும்.

நான்காம் நாள், பல கட்டங்களாக வளர்த்த வில்லாளி ஒருவனை அவன் இழந்தான். பொழுது சாயும் வேளையில் அவனை ஆற்று நீரில் நிறுத்தியிருந்தான். கை சேமிப்பை நோக்கிச் சென்று நின்றது. "ஹஜ்ரத், இவரை அங்கே அனுப்பியது நான்தான்" என்றான். நாம் ஒன்றும் கூறவில்லை. அடுத்த முறையில் எஞ்சிய வீரர்களை ஒருவர்பின் ஒருவராகக் காட்டுக்குள் திருப்பினான்.

பாடத்தில் அவன் நாட்டம் முழுதும் மீண்டுவிட்டது என்று கூறமாட்டோம், தூக்கம் மீண்டது. லேப்டாப்பும் விற்கப்படவில்லை. இவ்வாட்டத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு கட்டம் ஒரு மணி நேரத்தையும் விழுங்கும். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்ற ஆசை எளிதில் அடங்காது. எதிரிப் படையில் உள்ள ஓர்க்குக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அவன் வீழ்ந்தால் வருந்துவார் இல்லை. அதனையும் மாணவனுக்குச் சுட்டிக்காட்டினோம்.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுவே. பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குமுன் ஒரு மாலை அவனருகில் அமருங்கள். அந்த வீரனை ஏன் அங்கே நிறுத்தினாய் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தால் அவன் சிந்திக்கிறான் என்று கொள்ளலாம். தோற்றபின் மேலே ஆடுகிறானா, பின்சென்று அழிக்கிறானா என்பதையும் கவனியுங்கள். கால எல்லை விதிப்பது அதற்குப் பிறகு எளிது; நீங்கள் எதனை நிறுத்தச் சொல்கிறீர்கள் என்பதை அறிந்தே சொல்கிறீர்கள் என்று அவனும் உணர்வான்.