செற்றர் நாயும் வல்லைவெளிக் காற்றும்

செற்றர் என்பது பறவையைத் துரத்திப் பிடிப்பதற்காக அன்றி, அது பதுங்கியிருக்கும் இடத்தை மோப்பத்தால் அறிந்து அங்கேயே அசையாமல் நிற்பதற்காகப் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட பிரித்தானிய நாயினம். துப்பாக்கி பரவுவதற்கு முந்திய காலத்தில் நாய் பறவைக் கூட்டத்தின் முன் தரையோடு தரையாகக் கிடக்க, வேட்டைக்காரர் வலையை இழுத்து வந்து பறவைகளை மூடினர். 1570இல் ஜோன் கேயஸ் என்ற மருத்துவர் பிரித்தானிய நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில் இந்த வகை நாய் தனியாகவே விவரிக்கப்பட்டிருக்கிறது. வலைக்காகப் பழக்கப்பட்ட அந்த அடக்கம் பின்னர் துப்பாக்கிக்கும் பயன்பட்டது. நாய்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நடுவர் முன் ஓட்டும் களப்போட்டி 1865இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரிலுள்ள சவுத்ஹில்லில் தொடங்கியது. இனத்தூய்மையைப் பதிவுசெய்யும் கெனல் கழகம் தோன்றியது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1873இல்தான். வம்சாவளியைப் பதிவுசெய்யும் கழகம் தோன்றும் முன்னரே வேலைக்குத் தேர்வு வைக்கப்பட்டது என்பதைச் செற்றர் வளர்ப்போர் பலர் மறந்துவிடுகின்றனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய போட்டி நடைபெறும் மரபு இல்லை. இங்கே அறியப்பட்ட வேட்டை நாய் வன்னிக் காட்டோரத்து நாய். உடும்பையோ முயலையோ தடம் பிடித்து, விரட்டி, மடக்கி நிறுத்துவதே அதன் பெருமை. செற்றரின் தொழில் இதற்கு நேர்மாறானது, ஏனெனில் பறவையை நெருங்கிய கணத்தில் எந்த நாயும் செய்ய விரும்பும் கடைசிப் பாய்ச்சலை அது செய்யாமல் விட வேண்டும். பறவையைக் கண்டுபிடிக்கும் மூக்கு நல்ல நாய்கள் பலவற்றுக்கு உண்டு. களப்போட்டியில் வெற்றியைத் தீர்மானிப்பது கண்டபின் காட்டும் அடக்கமே. பிரித்தானியாவில் பொயின்ரர், செற்றர் இனங்களுக்கான போட்டிகளில் பெரும்பாலும் பறவை சுடப்படுவதே இல்லை. பறவை எழும்பும்போது வெற்றுவெடி மட்டும் வெடிக்கப்படுகிறது. வசந்தத்தில் முளைவிட்ட தானிய வயல்களில் சோடி சேர்ந்த கௌதாரி வகைப் பறவைகள் மீதும், கோடையில் ஓகஸ்ட் 12இல் சுடும் பருவம் திறப்பதற்கு முன் மேட்டுப் புதர்நிலத்துக் குரூஸ் பறவைகள் மீதும் நாய்கள் ஓட்டப்படுகின்றன. 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைக் காக்கும் இலங்கையில், கொல்லாமலே முழுமை பெறும் இந்தக் கலை வேட்டையைவிடப் பொருத்தமானது; எனினும் பறவையைக் கலைப்பதும் ஒரு தொல்லையே என்பதால், சுண்டிக்குளம் போன்ற காப்பிடங்களின் பக்கமே நாயைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

தொழிலின் அடிப்படை காற்று. செற்றர் மூக்கைத் தரையில் உரசித் தடம் பிடிப்பதில்லை. தலையை முதுகு மட்டத்துக்கு மேலே தூக்கி ஓடி, காற்றில் மிதந்து வரும் உடல்மணத்தை எடுக்கிறது. ஆகவே நாயை நடத்துபவர் காற்றை எதிர்த்து நேராக நடக்க, நாய் அவருக்கு முன்னால் இடமும் வலமுமாகக் காற்றுக்குக் குறுக்கே ஓடுகிறது. குறுக்கோட்டம் எனத்தக்க இந்த ஓட்டத்தின் ஒவ்வொரு முனையிலும் நாய் காற்று வரும் பக்கமாகவே திரும்ப வேண்டும். காற்று போகும் பக்கமாகத் திரும்பினால் ஓடிய நிலத்தையே மறுபடியும் ஓடி வலுவை வீணாக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலான தூரம் அன்றைய மணம் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அந்த அளவாக இருக்க வேண்டும் என்பதும், அதை நாய்தான் கணிக்க வேண்டும், மனிதரால் கணிக்க முடியாது என்பதும் பழக்குபவர் ஏற்றுக்கொள்ளத் தயங்கும் உண்மைகள். பறவையைத் தாண்டிப் போய்விட்ட நாயை நடுவர் நீக்குவார். பின்காற்றில் ஓடும்போது தெரியாமல் மிதித்தெழுப்பிய நாயிடம் சற்று இரக்கம் காட்டுவார், ஏனெனில் மணம் வராத திசையில் மூக்கைக் குறை சொல்ல இயலாது.

காற்றைப் படிப்பதில் குடாநாட்டவருக்குப் பயிற்சி குறைவில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுபவர் வாடைக்காற்று நூலில் தரும் இழுவையைக் கொண்டே மேலே என்ன நடக்கிறது என்று அறிவதைப் போல, நாயை நடத்துபவரும் அதன் தலை எந்தக் கணத்தில் ஓட்டக் கோட்டிலிருந்து விலகுகிறது என்பதைக் கொண்டே காற்று எங்கே வளைகிறது என்று அறிகிறார். வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள் இதற்கு ஒவ்வாத நிலம். கதியால் வேலியில் மோதிச் சுழலும் காற்று மணத்தை இல்லாத இடத்தில் கொண்டுவந்து கொட்ட, இளநாய் வெறும் வேலியைப் பார்த்து நிற்கப் பழகிவிடும். பருத்தித்துறை வீதியில் தொண்டைமானாற்று நீரேரியை அண்டிக் கிடக்கும் வல்லைவெளி போன்ற மரமற்ற வெளிகளில் சோளகமும் வாடையும் தத்தம் பருவத்தில் தடையின்றி வீசுவதால், குறுக்கோட்டத்தைப் பறவையே இல்லாமல் அங்கு கற்பிக்கலாம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் காற்று மணிக்கொரு திசையாக மாறும். அந்த நாட்களில் இளநாயை வெளியில் ஓட்டாமல் வீட்டு முற்றத்தில் 'நில்', 'படு' என்ற கட்டளைகளை உறுதிப்படுத்துவதே மேல்.

மணம் எட்டியதும் நாய் நிற்கும் நிலை காட்டுநிலை எனப்படலாம். முழு வேகத்தில் ஓடும் நாய் கயிறு இழுத்து நிறுத்தப்பட்டதுபோல் திடீரென முறிந்து, தலை மட்டும் காற்றின் பக்கம் திரும்பியிருக்க, உடலைத் தாழ்த்தி நிற்கிறது. பொயின்ரர் நிமிர்ந்து நிற்க, செற்றர் வலைக்காலத்து வழக்கத்தை விடாமல் முழங்கால் மடித்துப் பதுங்குகிறது. பழகிய கண் அப்போது வாலைப் பார்க்கிறது. வால் விறைத்திருந்தால் பறவை அங்கேயே இருக்கிறது. நுனி மட்டும் மெல்ல அசைந்தால், பறவை நடந்து விலகிவிட்டது என்றோ, எஞ்சிய மணத்தையே நாய் நம்பிக்கொண்டிருக்கிறது என்றோ கொள்ளலாம். கட்டளை கிடைத்ததும் நாய் அடிமேல் அடி வைத்து முன்னேறிப் பறவையை எழுப்ப வேண்டும், எழுப்பியதும் அந்த இடத்திலேயே அடங்க வேண்டும். துரத்தினால் போட்டி அத்துடன் முடிந்தது.

இந்த முன்னேற்றம் எவ்வளவு கடினம் என்பது பறவையைப் பொறுத்தது. மாரியில் வலசை வந்து ஈரவயலில் தங்கும் உள்ளான் நெருங்கும்வரை பதுங்கியிருந்து கோணலாகப் பறந்தெழும். அதனால்தான் காலனித்துவ காலத்து வெள்ளைக்காரர் இலங்கை வயல்களில் உள்ளான் வேட்டையைப் பெரிதும் விரும்பினர். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள வறண்ட கரையோரத்தில் வாழும் கௌதாரியோ பறப்பதைவிட ஓடுவதையே நம்பும் பறவை. வடலிக்குள் அது ஓட ஓட, நாய் நிற்பதும் நகர்வதும் மறுபடி நிற்பதுமாகத் தொடர வேண்டியிருக்கும். அவசரக்கார நாய் இங்கே ஓட்டத்தில் விழுந்துவிடும், மந்தமான நாய் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். கௌதாரியின் மீது அடக்கத்தோடு முன்னேறும் நாயை எந்த நாட்டு நடுவர் முன்னும் கொண்டுபோய் நிறுத்தலாம்.

போட்டியில் நாய்கள் சோடியாக ஓட்டப்படுகின்றன. ஒன்று காட்டுநிலையில் நிற்பதைக் கண்டால், மற்றது தனக்கு மணமே எட்டாவிட்டாலும் தொலைவிலேயே நின்றுவிட வேண்டும். பின்னிற்றல் என்று சொல்லத்தக்க இந்த மரியாதையைச் செய்யாமல் முன்னே புகுந்து பறவையைக் கலைக்கும் நாய், எத்தனை பறவை கண்டிருந்தாலும், வெளியேற்றப்படும். சில குட்டிகளுக்கு இது பிறவியிலேயே வருகிறது. வராதவற்றுக்குக் கட்டளையால் கற்பித்தாலும், நெருக்கடியில் அந்தக் கற்பிப்பு பெரும்பாலும் கைவிடுகிறது.

பறவை எழும்பும்போது படுப்பதைக் கற்பிக்கக் காட்டுப் பறவை வேண்டியதில்லை. கூட்டுக்குத் திரும்பப் பழகிய வளர்ப்புப் புறாவைப் புல்லில் மறைத்த பெட்டியிலிருந்து விடுவித்து, அது சிறகடிக்கும் அதே கணத்தில் நீண்ட விசில் ஊதி நாயைப் படுக்க வைத்தால், நாளடைவில் சிறகொலியே கட்டளையாகிவிடும். விசிலைக் குறைவாகப் பயன்படுத்துவது இதைவிடக் கடினம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஊதுபவரின் நாய் காற்றைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்க்கத் தொடங்குகிறது. நடுவரும் அதைக் கவனிக்கிறார்.

குடாநாட்டின் வெப்பம் நீண்ட முடியுடைய இந்த இனத்துக்கு உகந்ததன்று. வெயில் ஏறினால் மணம் விரைவில் கலைவதோடு நாயும் களைத்துவிடும் என்பதால், பனி காயுமுன் வேலையை முடிக்க வேண்டும். கால்முடியில் நாயுருவி ஒட்டும், விரலிடையில் நெருஞ்சி ஏறும், காதின் உட்புறத்தில் உண்ணி ஒளிந்திருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் விரல்களை விரித்து, காதுமடலைப் புரட்டிப் பார்க்காதவர் உண்ணிக் காய்ச்சலுக்கு வழிவிடுகிறார்.

களப்போட்டிக்கு நோர்வேயில் வேறொரு மரபு இருக்கிறது. 1980களில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவர் வாழ்ந்த அதே வடபுலத்தில், மலைக்கோழி எனத்தக்க ரிப்பே பறவையைத் தேடிச் செற்றர்கள் ஓட்டப்படுகின்றன. ஏப்பிரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாய்களைக் கட்டிவைக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதிப்பதால், கோடைப் போட்டிகள் அதன் பின்னரே தொடங்குகின்றன. ரிப்பே வேட்டை செப்ரெம்பர் 10இல் திறக்கிறது. பிரித்தானிய முறையில் பிழை செய்த நாய் நீக்கப்பட்டு எஞ்சியவை ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. நோர்வே முறையின் கீழ்வகுப்புகளிலோ வேட்டையார்வம், வேகம், தேடலின் அகலம், நடத்துபவரோடு ஒத்துழைத்தல் ஆகியவற்றைத் தனித்தனியே தரமிட்டு, தகுதி எட்டிய எத்தனை நாய்க்கும் முதற்பரிசு தரலாம். புதிதாகத் தொடங்கும் நிலத்துக்கு இந்த இரண்டாவது முறையே ஏற்றது, ஏனெனில் ஒப்பிட வேறு நாயே இல்லாத இடத்திலும் அதைக் கொண்டு ஒரு நாயை மதிப்பிடலாம்.

இவற்றையெல்லாம் எண்ணுவதற்கு முன் குட்டியைத் தெரிவுசெய்வதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். கண்காட்சிக்கான வம்சமும் வேலைக்கான வம்சமும் நூறாண்டுக்கு மேலாகப் பிரிந்து வளர்ந்தவை. பளபளக்கும் செம்முடியும் ஓங்கிய உயரமும் கொண்ட ஐரிஷ் செற்றர் குட்டி, கண்காட்சி மேடைக்கென்றே பெருக்கப்பட்ட வம்சத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்குபவர் பரிசுக் கிண்ணங்களின் படத்தை விட்டுவிட்டு, தாய்நாய் காற்றுக்குக் குறுக்கே ஓடி நிற்பதை நேரில் காட்டும்படி கேட்பதும், காட்ட முடியாதவரிடம் வாங்காமல் திரும்புவதும் பல ஆண்டு வீணுழைப்பைத் தவிர்க்கும்.