நிறுவல் வட்டும் ஏட்டுப் பிரதியும்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினியில் தமிழ் தட்டியவர்களுக்கு ஒரு சடங்கு நினைவிருக்கும். ஒருங்குறித் தமிழ் உடையாமல் தெரியவேண்டுமானால், மொழி அமைப்புகளுக்குள் புகுந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே கணினி மூல வட்டைக் கேட்கும். அது எந்த அலமாரியில் உறங்குகிறதோ! அக்குறியீட்டை முன்கூட்டியே இட்டுவைத்த நிறுவல் வட்டைச் செய்துகொள்ள என்லைட் என்னும் மென்பொருள் உதவியது. தமிழ் படித்தவர்களும் நிறுவல் வட்டைப் பற்றிக் கவலைப்பட நேர்ந்தது அப்படித்தான்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. இன்றைய இயங்குதளங்கள் தமிழைக் காட்டத் தயங்குவதில்லை. எங்கள் துறையின் கணினிகளோ 32 பிட் செயலி கொண்ட முதியவை. இணைய இணைப்பும் இல்லாதவை. மாணவர்களில் தமிழ்99 பழகியவர்களும் உண்டு, தட்டச்சு நிலையத்தில் பழைய விசைப்பலகை பயின்று வந்தவர்களும் உண்டு. நிறுவி முடித்த கணத்திலேயே இரண்டும் இருக்கவேண்டும். பின்னர் இறக்கிச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. ஆகவே லினக்ஸில் எங்களுக்கென ஒரு வட்டு செய்யத் தீர்மானித்தேன். எந்தக் கருவியால் என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றிலும் எளிது நகலெடுக்கும் வகை. ஒரு கணினியை வேண்டியபடி அமைத்துவிட்டால், எம்எக்ஸ் லினக்ஸில் உள்ள எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட் அதை அப்படியே நிறுவத்தக்க வட்டாக்கித் தரும். பயனர் கணக்குகளை நீக்கிவிட்டு எடுக்கவும் வசதி உண்டு. எனினும், எவரோ எப்போதோ ஓர் அமைப்புக் கோப்பில் செய்த திருத்தம் நகலோடு வந்துவிடும். ஏன் அத்திருத்தம் என்று நகல் சொல்லாது. ஏடு பெயர்த்தெழுதியவர்களின் கதைதான்: மூல ஏட்டின் பிழையும் அழகான கையெழுத்தில் அடுத்த ஏட்டுக்குப் போய்ச் சேரும்.

க்யூபிக் சற்று வேறு. உபுண்டு வட்டைப் பிரித்துவைத்து, அதனுள்ளேயே கட்டளைகள் இட ஒரு சாளரம் திறந்து தருகிறது. கைக்கு இதமான கருவி. ஆனால் உபுண்டு 2017இலேயே, 17.10 பதிப்போடு, 32 பிட் மேசைக்கணினி வட்டைக் கைவிட்டது. எங்களுக்கு அந்தக் கதவு அடைபட்டது.

நான் தேர்ந்தது டெபியனின் லைவ்-பில்டு. பொத்தான்கள் இல்லை, பிழைச்செய்திகள் பக்கம் பக்கமாக ஓடும், முதல்முறை வட்டு உருவாக ஒரு பிற்பகல் முழுதும் போயிற்று. இறக்கிய பொதிகளைச் சேமித்துவைப்பதால் அடுத்த முறைகள் விரைவு. இத்தனைக்கும் ஈடாக அது தருவது ஓர் எழுத்துக்கோப்பு. வட்டில் எவையெவை இருக்கவேண்டும் என்பதை வரிக்கு ஒரு பொதியாக அதில் எழுதுகிறோம்: தமிழ் எழுத்துருக்களுக்கு ஒரு வரி, தமிழ்99, தட்டச்சு விசைப்பலகைகள் இரண்டையும் தரும் ஐபஸ்-எம்17என் ஒரு வரி, லிப்ரெஆபீஸ் ரைட்டர் ஒரு வரி. எடைகுறைந்த எக்ஸ்எஃப்சிஇ முகப்பைக் கொண்டதால் 4.7 ஜிபி டிவிடிக்குள் தாராளமாக அடங்கிற்று.

அக்கோப்பில் குறிப்புகளும் எழுதலாம். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது தமக்குக் கிடைத்த பிரதிகளைப் பற்றி முகவுரையில் எழுதிவைத்தார். பின்வந்தோர் அவர் கொண்ட பாடத்தோடு வாதிட முடிந்தது அதனால். என் பட்டியலுக்கு அத்தனை பெருமை வேண்டாம். ஆயினும் ஒவ்வொரு வரிக்கு மேலும் அது ஏன் என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு மாறுதல் கலந்தாய்வு எப்போதும் தலைக்குமேல் உண்டு. நான் போனபின் வருபவர் என்னைத் தொலைபேசியில் தேடாமல், வேண்டாத வரியை நீக்கி வேண்டியதைச் சேர்த்து, மீண்டும் வட்டை உருவாக்கிக்கொள்ளலாம். நகல் வட்டை மட்டும் விட்டுச்சென்றால் அவருக்கு மிஞ்சுவது கீறல் விழுந்த ஒரு டிவிடி.

காலக்கெடு ஒன்றும் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 32 பிட் நிறுவி கிடையாது. எங்கள் வட்டு டெபியன் 12ஐக் கொண்டது. அதற்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அதற்குள் புதிய கணினிகள் வந்தால், கட்டமைப்பு வகையைச் சொல்லும் ஒரு சொல்லையும் பதிப்பின் பெயரையும் மாற்றினால் பெரும்பாலும் போதும். பட்டியல் அப்படியே இருக்கும். இப்போதைக்கு இரு கணினிகளில் டிவிடி இயக்கி பழுது. அவற்றுக்கு அதே கோப்பைப் பென்டிரைவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.