கோர்வை முதல் கோரை வரை

மற்ற ஊர்களில் ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள். நெசவாளர்கள் வாழும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கால் வைக்கிற இடம் எவ்வளவு அகலம் என்று கேட்பார்கள். மோட்டார் சைக்கிளில் முழங்கால்களுக்கு நடுவே பெட்ரோல் டேங்க் உட்கார்ந்துகொள்கிறது. ஸ்கூட்டரில் அந்த இடம் ஒரு குட்டித் திண்ணை. முதலாளி வீட்டிலிருந்தோ சொசைட்டியிலிருந்தோ நீளவாக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் அந்தத் திண்ணையில்தான் வரும். தறியிலிருந்து அறுத்த புடவையும் அதில்தான் திரும்பிப் போகும்.

அந்தத் திண்ணையை யோசித்தவர் ஓர் இத்தாலியர். கொர்ராதீனோ தஸ்கானியோ என்று பெயர்; ஹெலிகாப்டர் வடிவமைத்த பொறியாளர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. சங்கிலி எண்ணெய் காலில் தெறிக்காமல், உடுத்தியிருக்கிற துணி அழுக்காகாமல் ஏறி உட்கார ஒரு வண்டி வேண்டும் என்று எஞ்சினைத் தகட்டுக்குள் மறைத்துப் பின்சக்கரத்தோடு சேர்த்துவிட்டார். தஸ்கனிப் பக்கம் பொந்தெதேரா ஊரில் 1946இல் பிறந்த அந்த வண்டிதான் வெஸ்பா. அப்படியென்றால் குளவி. 1953இல் 'ரோமன் ஹாலிடே' படம் வந்த பிறகு, வெஸ்பாவில் ஏறிப் பழைய ஊர்களைச் சுற்றுவது உலகம் முழுவதற்கும் ஒரு கனவாகிவிட்டது. நம் நாட்டில் 1960களில் உரிமம் வாங்கி அதைச் செய்தார்கள். 1972இல் அதே சாயலில் சேதக் வந்தது. துணி அழுக்காகக் கூடாது என்று ஒருவர் கவலைப்பட்ட வண்டி பட்டு நெய்கிற ஊருக்கு வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன கியர் ஸ்கூட்டர். காலையில் இடப்பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, இரண்டு உதை உதைத்தால்தான் பேசும். அதை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி வரை, சுமார் 40 கிலோமீட்டர், ஒரே சாலையை நுனிமுதல் நுனிவரை பார்த்து வரலாம் என்று கிளம்பினேன். தஸ்கனியின் திராட்சைத் தோட்டம் இல்லாவிட்டால் என்ன? ஏரி இருக்கிறது, குடைவரை இருக்கிறது, கோட்டை இருக்கிறது. சித்தப்பாவுக்குத் தகவல் போய்விட்டது.

"வந்தவாசி போறியாமே? நானும் வரேன்டா. ஒரு பாய் வாங்கணும்."

"வெயில் ஏறிடும் சித்தப்பா."

"குழித்தறியில அறுபது வருஷம் உக்காந்தவன்டா நான். உன் சீட்டுல ஒரு நாள் உக்கார மாட்டனா?"

சித்தப்பா உட்கார்ந்தது தறியின் நடுவில் அல்ல, ஓரத்தில். அதைச் சொன்னால்தான் இந்தப் பயணம் புரியும். காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். உடலின் ஊடை கரைக்குள் போகக் கூடாது, கரையின் ஊடை உடலுக்குள் வரக் கூடாது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று கொக்கிபோல் பற்றிக்கொள்ள வேண்டும். இதுதான் கோர்வை. ஊடையைக் கொண்டுபோக உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. நெய்கிறவருக்குக் கைகள் இரண்டுதானே? அதனால் ஒரு கரையோரம் ஒரு பையனை உட்கார வைப்பார்கள். எங்கள் வீட்டில் அவனை 'எதிர்க்கை' என்போம். தாத்தா பாதம் மிதித்து உடல் நாடாவை விட்டு 'ம்' என்பார். பையன் கரை நாடாவைத் தள்ளுவான். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான 'ம்'. சித்தப்பா எட்டு வயதில் எதிர்க்கையானார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. புடவையை விரித்துக் காட்டும்போது 'இது அண்ணன் கை வேலை' என்று தாத்தாவைத்தான் சொல்வார்களாம். கரையைத் தொட்டுப் பார்த்து, இது அந்தப் பையன் கை என்று யாரும் சொன்னதில்லை. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊருக்குக் கிடைக்கும். ஓரத்தில் இருப்பவனுக்கு ஏது?

ஆறு மணிக்குக் கிளம்பினோம். தெருவில் ஒரு பாவை நீளமாக இழுத்துக் கட்டி, நாலைந்து பேர் கஞ்சி போட்டு நீவிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை. வண்டியை அணைத்து, ஓரமாக உருட்டிக்கொண்டு போனோம். பாவு காய்கிற தெருவில் புழுதி கிளப்பினால் இந்த ஊரில் மன்னிப்பு கிடையாது.

ஊரைத் தாண்டியதும் செவிலிமேடு. ராமானுஜர் விந்திய மலைக்காட்டில் வழிதவறி நின்றபோது ஒரு வேடனும் வேடச்சியும் துணைக்கு வந்தார்கள். இரவு தூங்கி விடிந்தபோது வேடச்சிக்குத் தாகம். ராமானுஜர் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் மொண்டு வந்தால் இருவரையும் காணோம், கண்ணெதிரே காஞ்சிபுரம். வந்தவர்கள் வரதராஜரும் பெருந்தேவித் தாயாரும் என்பது ஐதீகம். அந்தச் சாலைக் கிணறு இங்கேதான் இருக்கிறது. அன்று முதல் அவர் தினமும் இந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பெருமாளுக்குச் சுமந்தாராம். தனியாகப் போகிற வழிப்போக்கனுக்குச் சாமியே துணைக்கு வந்த ஊர். "நீ தனியா கிளம்பினியே" என்றார் பின்சீட்டிலிருந்து சித்தப்பா.

பிறகு பாலாற்றுப் பாலம். நந்தி மலையில் தொடங்கி 348 கிலோமீட்டர் வருகிற ஆறு. அதில் 222 தமிழ்நாட்டில். ஆனாலும் பெரும்பாலான மாதங்களில் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் மணலும் சீமைக்கருவேலமும்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே திரண்டது. பட்டுக்குச் சாயம் தோய்க்கிற பெரியவர்கள், பாலாற்றுத் தண்ணீர்தான் நூலுக்கு மினுமினுப்பைக் கொடுத்தது என்று இன்றும் சொல்வார்கள். ஆறு மணலுக்கு அடியில் ஓடுகிறது என்பது அவர்கள் கணக்கு. மேலே தெரியாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

பாலம் தாண்டி, சாலையை விட்டுச் சற்று விலகினால் ஐயங்கார்குளம். லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் வெட்டிய பெரிய குளமும், அதன் கரையில் சஞ்சீவிராயர் கோயிலும் இருக்கின்றன. அருகில் நடவாவிக் கிணறு. படியிறங்கிப் போனால் தரைக்கு அடியில் ஒரு கல்மண்டபம், அதற்கு நடுவில் கிணறு. ஆண்டு முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். சித்ரா பௌர்ணமிக்கு நீரை இறைத்துவிட்டு, வரதராஜரை அந்த மண்டபத்துக்குள் இறக்குவார்கள். நாங்கள் போன நாளில் பச்சைத் தண்ணீருக்குள் நாலாம் படியோடு உலகம் முடிந்துவிட்டது. அந்த ஒரு நாளுக்காக இறைக்கிறவர்களைப் பற்றி சித்தப்பாவுக்குக் கவலை. "சாமி இறங்கி ஏறிட்டுப் போயிடும். தண்ணி இறைக்கறவனுக்கு எத்தனை நாள் இடுப்பு வலிச்சுதோ."

தூசிக்கு வந்தால் மாவட்டம் மாறி, திருவண்ணாமலைக்காரர்கள் ஆகிவிடுகிறோம். அங்கிருந்து மாமண்டூர் ஏரிக்கரைக்குத் திரும்பினோம். நீண்ட கரை, அதை ஒட்டித் தாழ்வான பாறைக் குன்று, குன்றில் வரிசையாக நாலு குடைவரைகள். மகேந்திரவர்மப் பல்லவனுக்குச் சித்திரமேகன் என்றும் ஒரு பட்டம் உண்டு. இந்த ஏரி சித்திரமேகத் தடாகம். முதல் குடைவரையின் சுவரில் அவனுடைய கல்வெட்டு சிதைந்து கிடக்கிறது. காஞ்சி நகரத்துக் குடிகாரக் காபாலிகனை வைத்து அவன் எழுதிய 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தின் பெயர் அதில் வருகிறது. தன் நகரத்தைத் தானே கேலி செய்து, அந்த நாடகத்தின் பெயரைப் பாறையிலும் வெட்டச் சொன்ன ராஜா. அவனுக்கும் முந்தைய தமிழ் பிராமி எழுத்தும் இதே குன்றில் உண்டு.

தூண்கள் அவன் காலத்துத் தூண்கள்தான்: அடியும் தலையும் சதுரம், இடுப்பு எட்டுப்பட்டை. உள்சுவரில் ஓரிடத்தில் உளித் தடம் அப்படியே இருந்தது. விரல் அகலத்துக்குச் சாய்வாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்று. சித்தப்பா அதில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். ஒரு வரிசை இடமிருந்து வலமாகச் சாய்ந்திருந்தது. அடுத்தது வலமிருந்து இடமாக.

"ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு அடிச்சிருக்காங்கடா."

அது சரியா என்று சொல்ல நான் சிற்பியில்லை. ஒருவனே பக்கம் மாறி நின்றும் அடித்திருக்கலாம். ஆனால் ராஜாவின் பட்டங்களை மட்டும் தேடிக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அந்த வரிசை படவே இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குரங்கணில்முட்டம். வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், எமன் காகமாகவும் வழிபட்ட இடமாம். முட்டம் என்றால் காகம். சம்பந்தர் பாடிய தலம். கோயிலுக்குப் பக்கத்தில் தரைமட்டத்துக்குக் கீழே இன்னொரு பல்லவக் குடைவரை. 'கல்மண்டகம்' என்று அதற்குப் பழம்பெயர். பகல் பத்து மணிக்கு அதற்குள் இருந்த குளிர்ச்சியை விட்டு வர மனசில்லை.

மாங்கால் கூட்டு ரோட்டில் சாலையின் முகமே மாறியது. செய்யாறு சிப்காட். ஷிப்ட் மாறுகிற நேரம். சீருடை போட்ட பெண்கள் பஸ் பஸ்ஸாக இறங்கினார்கள், பஸ் பஸ்ஸாக ஏறினார்கள். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களின் பெண்கள் இங்கே வெளிநாடுகளுக்குப் போகிற ஷூ தைக்கிறார்கள். சித்தப்பாவின் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. டீக்கடையில் நின்றபடி அவர் கணக்குப் போட்டார்: ஒருத்தி வெட்டுகிறாள், ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி பசை தடவுகிறாள், ஒருத்தி கயிறு கோக்கிறாள். "முழு ஷூ செஞ்சவ எவளும் இல்ல. எல்லாருமே எதிர்க்கை." பிறகு தானே திருத்திக்கொண்டார்: "ஆனா மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. இவங்களுக்குத் தறியில என்ன கொடுத்தோம் நாம?" எனக்குப் பதில் தெரியவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு வண்டியைச் சாய்த்து உதைத்தேன்.

செய்யாற்றங்கரையில் இருக்கிறது பெருநகர். தைப்பூசத்தன்று சுற்றுவட்டாரத்து ஊர்ச் சாமிகளெல்லாம் இந்த ஆற்றுக்கு வந்து கூடும். இங்கே சாலை மறுபடி காஞ்சிபுரம் மாவட்டம். மானாம்பதி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திரும்பவும் திருவண்ணாமலை. மாவட்ட எல்லையும் கோர்வைபோல் உள்ளே வெளியே போய் வருகிறது. தென்னாங்கூரில் பாண்டுரங்கன் கோயில்; பூரி ஜகந்நாதர் கோயில் சாயலில் எழுந்த கோபுரம் வயல்களுக்கு மேலே தனித்துத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டால் வந்தவாசி வந்துவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரி: வந்தவாசிப் போர், 1760 ஜனவரி 22. பிரெஞ்சுத் தளபதி லாலி அதற்கு முன் காஞ்சிபுரத்துக்குள் புகுந்து கொள்ளையடித்துவிட்டுத்தான் வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட வந்தான். ஆங்கிலேயப் படைத்தளபதி ஐயர் கூட் அவனை இங்கே தோற்கடித்தார்; லாலியோடு வந்த புஸ்ஸி பிடிபட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. 1766இல் லாலியின் தலையைப் பாரிஸில் அவன் நாட்டுக்காரர்களே வெட்டினார்கள். இந்தியாவை ஆளப்போவது எந்த வெள்ளைக்காரன் என்று முடிவான இடம் இப்போது அகழி மேடும் சிதைந்த சுவருமாக ஊருக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. இரு பக்கத்திலும் துப்பாக்கி தூக்கி நின்ற நம் ஊர்ச் சிப்பாய்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. "ஓரத்துல நின்னவனுங்க" என்றார் சித்தப்பா, சுவர் நிழலில் செருப்பைக் கழற்றி மண் தட்டியபடி.

பாய்த் தெருவுக்கு வந்தோம். கோரைப்பாய்க்கு இந்த ஊர் பெயர் வாங்கியது. கரூர், முசிறிப் பக்கம் காவிரிக்கரையில் விளைகிற கோரை இங்கே வந்து காய்ந்து, சாயம் ஏறி, பாயாகிறது. பல தலைமுறைகளாக இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர். இன்று தடதடவென்று ஓடுகிற மின்தறிகள்தான் அதிகம். ஒரு வீட்டில் மட்டும் கைத்தறி இருந்தது. தரையோடு தரையாகப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேலே பலகை போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டில் ஒரு பெண் நீளமான குச்சியின் நுனியில் ஒரு கோரையைச் செருகி உள்ளே தள்ளினாள். குச்சி வெளியே வந்தது, கோரை உள்ளே தங்கியது. அம்மா அச்சை இழுத்து இரண்டு அடி அடித்து, ஓரத்தை மடித்துவிட்டார். மறுபடி குச்சி. பட்டில் பாவும் ஊடையும் இரண்டும் நூல். பாயில் பாவு நூல், ஊடை புல். வேலை ஒன்றேதான்.

சித்தப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. குச்சி தள்ளுகிற பெண்ணின் கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வயசுலம்மா உக்காந்தே?"

"பன்னெண்டுங்க தாத்தா."

"நான் எட்டு" என்றார். அந்தப் பெண் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பார்த்தாள். மாந்தளிர் நிறக் கரை போட்ட ஆறடிப் பாய் ஒன்றை வாங்கினார். கரையை மட்டும் இரண்டு தரம் தடவிப் பார்த்த பிறகு.

திரும்பும்போதுதான் தஸ்கானியோவின் திண்ணைக்குச் சோதனை வந்தது. பாயைச் சுருட்டி என் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தினோம். அது என் தலைக்கு மேலே போய், இடப்பக்கச் சாலையைச் சுத்தமாக மறைத்துவிட்டது. பின்னால் கிடையாகக் கட்டலாம் என்றேன். "பாயோட கரை ஒரசிப்போயிடும். நீ ஓட்டு, நான் சொல்றேன்" என்றார். பின்சீட்டில் இடது பக்கமாகச் சாய்ந்து, பாய்க்கு அந்தப்புறம் தலையை நீட்டி உட்கார்ந்தார்.

நாற்பது கிலோமீட்டரும் அப்படித்தான். எதிரே லாரியும் சிப்காட் பஸ்ஸும். என் பக்கம் எனக்குத் தெரிந்தது. அவர் பக்கம் அவருக்குத் தெரிந்தது. பெருநகர்ப் பக்கம் வந்தபோது எருமைகள் சாலையை விட்டு இறங்கும்வரை பொறுத்தோம். வழி கிடைத்ததும், எட்டு வயதில் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தச் சொல்லை இந்தத் தடவை அவர் சொன்னார்.

"ம்."

நான் கியரைப் போட்டேன்.